எண்ணுக்கு அடியில் ஒரு புள்ளி

அந்த வியாழக்கிழமை பல் டாக்டரின் கார் கொட்டகையில் ஐந்து பேர் இருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு அதில் தகராறு வரக்கூடாது.

டாக்டர் கொட்டகையின் நடுவில், தன் பழைய மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பல் நாற்காலியில். அந்த நாற்காலி சாயும், நிமிராது. அதனால் முதுகைக் கொடுக்காமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டாக்டரம்மா, பெட்ரோல் வாடை ஆகாது என்று வாசலோரம் ஒரு ஸ்டூலில். டாக்டரம்மாவின் அண்ணன், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு டயர்களின் மேல். எந்தக் காரியத்தையும் பாதியில் நிறுத்திவைப்பவர் என்பதால் குடும்பத்தில் அவருக்குப் பெயர் பிரேக். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் டீச்சர், தான் கட்டியிழுத்துக் கொண்டுவந்த காரின் ஓட்டுநர் இருக்கையில், இறங்காமல். நான் தரையில். என் தொழிலில் உட்காரும் நேரம் குறைவு, படுக்கும் நேரம் அதிகம்.

பழைய பந்தயக் கார்களைப் பார்த்து, அவை எந்தக் கார், எவ்வளவு பெறும் என்று கடிதம் கொடுப்பது என் வேலை. என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. அதை நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்தால்தான் செல்லும். பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் நகலும், அதற்காக எடுத்த குறிப்பும் வரிசை எண்ணோடு கோப்பில் இருக்கின்றன.

கொட்டகையில் இருந்த இரண்டு கார்களும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்டவை. அந்த மாதிரியில் நூறு கார்தான் செய்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே, அடிச்சட்டத்தின் குறுக்குக் கம்பியில், தரையைப் பார்க்கிற பக்கத்தில் ஒன்று முதல் நூறு வரை எண் அடித்தார்கள். எண் 68 மூன்று ஆண்டு தொடர்ந்து மலைப் பந்தயத்தில் வென்றது. எண் 89 அதே பந்தயத்தில் ஒரே ஒரு முறை ஓடி, பாதி மலையில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பந்தயக் கழகத்தின் பதிவேட்டில் இல்லை. விலையில் இரண்டுக்கும் உள்ள தூரம், ஒரு வீட்டுக்கும் அந்த வீட்டின் கதவுக்கும் உள்ள தூரம்.

டாக்டருடையது 68. அப்படிச் சொன்னது பதினோரு ஆண்டுக்கு முந்தைய என் கடிதம். அதைச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தார். டீச்சருடையது 89. அதைச் சொன்னது ஆறு ஆண்டுக்கு முந்தைய என் இன்னொரு கடிதம். அவருடைய அப்பாவுக்கு எழுதியது.

அடுத்த மாதம் மலைப் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு அணிவகுப்பு. அதில் டாக்டரின் கார் முதலாவதாகப் போக வேண்டும். ஆனால் அதன் கியர்பெட்டியும் சக்கரங்களும் பின் அச்சும் வேறு கார்களிலிருந்து வந்தவை. டீச்சரின் காரில் எல்லாம் பிறந்தபடியே இருந்தன. அதனால் 89-ஐ வாங்கிக் கழற்றி 68-க்குப் பொருத்துவது என்று முடிவாகி, அன்று காலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. மெக்கானிக் முன்பே வந்து, கழற்ற வேண்டிய பாகங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை ஆட்களோடு வருவார். அதற்குமுன் 89-இன் பாகங்களுக்கு நான் மதிப்புக் கடிதம் தர வேண்டும்.

"சீக்கிரம் முடிங்க சார்," என்றார் பிரேக். "டயர் சூடாகுது."

"அண்ணா, நீ உக்காந்தா சூடாகத்தான் செய்யும்," என்றார் டாக்டரம்மா.

எந்தக் காருக்குப் பொருத்தப் போகிறார்களோ அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என் முறை. என் முறைப்படி முன்பக்கமிருந்துதான் காருக்கு அடியில் போவேன். முதலில் எஞ்சின், பிறகு அடிச்சட்டம், கடைசியில் பின்பக்கம். படிவத்தில் அந்த வரிசையில்தான் கட்டங்கள் இருக்கின்றன. அன்று இரண்டு கார்களும் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. தள்ளச் சொல்லலாமா என்று யோசித்தேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு, டாக்டரின் காருக்கு அடியில் பின்பக்கமாகவே மல்லாந்து நுழைந்தேன்.

குறுக்குக் கம்பியில் 89 என்று இருந்தது.

வெளியே வந்தேன். "டீச்சர், உங்க வண்டி எது?" என்று கேட்டேன்.

"நான் உக்காந்திருக்கிறது."

டீச்சரின் காருக்கு அடியில் பின்பக்கமாகப் போனேன். அதில் 68 என்று இருந்தது. எனக்கு மேலே, பலகை இடுக்கு வழியே, டீச்சரின் செருப்பு கிளட்சின் மேல் அசையாமல் இருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

"சார் தூங்கிட்டாரா மாப்ள?" என்று பிரேக்கின் குரல் கேட்டது.

தூங்கவில்லை. 68 என்று ஒரு தாளில் எழுதி அதைத் தலைகீழாகத் திருப்பினால் 89 என்று வரும் என்பதை அப்போதுதான் முதன்முறையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு இரண்டு காருக்கும் அடியில் முன்பக்கமாகவே போனவன் நான். ஒன்றைத் தலைகீழாகப் படித்திருந்தால் இரண்டையும் தலைகீழாகத்தான் படித்திருக்க வேண்டும்.

வெளியே வந்து பையிலிருந்து என் பழைய குறிப்புகளை எடுத்தேன். தொழிற்சாலையின் கையேட்டுப் பக்கம் ஒன்றின் நகலும் கூடவே இருந்தது. எண் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்று தெரிவதற்காக, அதற்கு அடியில் ஒரு புள்ளி துளைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் விதி. அதைப் படித்துவிட்டுத்தான் இரண்டு முறையும் புள்ளியைத் தேடியிருக்கிறேன். டாக்டரின் காருக்கான குறிப்பில் இப்படி இருந்தது: 'எண்ணுக்கு அடியில் புள்ளி காணப்படவில்லை, தேய்ந்திருக்கலாம். எண்ணுக்கு மேல் ஒரு துருக்குழி.' ஐந்து ஆண்டு கழித்து டீச்சருடைய அப்பாவின் காருக்கு எழுதிய குறிப்பிலும் எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியங்கள். அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம் நடை சீராக இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன்.

இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது. அது உண்மையிலேயே துருக்குழியாக இருந்தால் பழைய கடிதங்கள் நிற்கும்.

"டாக்டர்," என்றேன். "உங்க வண்டி நம்பர் பக்கத்துல ஒரு குழி இருக்கு. அது துரு தின்னதா, கருவி வச்சுத் துளை போட்டதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஓய்வு பெற்றபின் அவரிடம் யாரும் தொழில் முறையில் கருத்துக் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியின் பக்கத்து இழுப்பறையைத் திறந்து, பல் குத்திப் பார்க்கும் கொக்கி ஊசியையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்தார். சட்டைக் கையை மடித்தார். டாக்டரம்மா, "ஏங்க, இடுப்பு," என்றார். அவர் கேட்கவில்லை. காருக்கு அடியில் போய்விட்டார்.

"ம்," என்றது அடியிலிருந்து குரல். பிறகு ஊசி இரும்பில் உரசும் ஓசை.

"கொப்பளிக்கச் சொல்லுங்க மாப்ள," என்றார் பிரேக்.

"சொத்தைன்னா ஓரம் கொரகொரன்னு இருக்கும்," என்றது குரல். "ஊசி போய் மாட்டிக்கும். இது வழவழன்னு இருக்கு. சுத்திலும் ஒரே ஆழம். துளை போட்டதுதான். போட்டவன் நல்ல கைக்காரன்."

"உறுதியா டாக்டர்?"

"முப்பத்தி நாலு வருஷமா வேறென்ன பண்ணேன்?"

வெளியே வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது. முதுகில் எண்ணெய் அப்பியிருந்தது. ஊசியைத் துடைத்துக்கொண்டே, "எதுக்குக் கேட்டீங்க?" என்றார்.

கையேட்டுப் பக்கத்தை நீட்டினேன். அவர் படித்தார். பிறகு காருக்கு அடியில் மறுபடி போய், இந்த முறை ஊசி இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மறந்துபோய் முதுகைக் கொடுத்துவிட்டார். நாற்காலி சாய்ந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"அப்ப நம்ம வண்டி எதுங்க?" என்றார் டாக்டரம்மா.

"எண்பத்தொன்பது," என்றார் டாக்டர் கூரையிடம்.

"பாதி மலையில நின்னதா?"

பிரேக் டயரிலிருந்து இறங்கி, இரண்டு கார்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாப்ள, இனிமே வீட்ல எனக்கு வேற பேர் பாருங்க. பிரேக் உங்க வண்டிக்குப் போயிடுச்சு," என்றார்.

"சும்மா இரு அண்ணா."

டாக்டர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து என்னிடம் வந்தார். கோபம் இல்லை. நோயாளியிடம் பேசுகிற குரல்.

"சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒரு லெட்டர் தப்புன்னு நீங்களே எழுதிட்டீங்கன்னா நாப்பத்து மூணும் தப்புன்னு பேசுவாங்க. அப்புறம் உங்ககிட்ட யார் வருவா? ரெண்டு வண்டியும் சேந்து எப்படியும் ஒரே வண்டியாத்தான் ஆகப்போகுது. அதுக்கப்புறம் எந்த நம்பர் எதுல இருந்தா என்ன?"

"கழட்டினா அறுபத்தெட்டு இருக்காது டாக்டர்."

"நீங்களே சொல்வீங்க, வாய்ச்சொல் செல்லாதுன்னு. இப்ப நீங்க சொன்னது வாய்ச்சொல்தானே. சுவத்துல இருக்கிறது லெட்டர். புது லெட்டர் வர்ற வரைக்கும் என் வண்டி அறுபத்தெட்டு. திங்கக்கிழமை மெக்கானிக் வர்றான். அக்ரிமெண்டும் போட்டாச்சு."

"அக்ரிமெண்ட் எங்க?" என்றார் பிரேக். டாக்டரம்மாவின் மடியிலிருந்து அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். "இதுல எண்பத்தொன்பதாம் நம்பர் காரைத்தான் வாங்குறதா எழுதியிருக்கு. சார் சொல்றபடி பாத்தா அது உங்க காரு. உங்க காரை நீங்களே வாங்கியிருக்கீங்க மாப்ள. நல்ல வெலைக்குத்தான் முடிஞ்சிருக்கு."

"அதுக்கு லெட்டர் வரணும்ல," என்றார் டாக்டர்.

அப்போது டீச்சர் பேசினார். அதுவரை அவர் காரைவிட்டு இறங்கவில்லை, பேசும்போதும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, பாடம் சொல்லிக்கொடுப்பவர்போல் எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கப்பாவ தெருவுல அறுபத்தெட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. பெட்ரோல் பங்க்ல வேலை. கழகம் மூடினப்ப இத பழைய இரும்பு வெலைக்கு வாங்கிட்டு வந்து, இதான் மலைல ஜெயிச்ச வண்டின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவார். பெட்ரோல் போட வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார். 'அறுபத்தெட்டு, அளந்தது போதும், சில்லறையக் குடு'ம்பாங்க. சிரிச்சுக்குவார். எழுத்துல வாங்கிட்டா வாயடைச்சிடலாம்னுதான் சார், உங்களக் கூப்பிட்டார்."

எனக்கு அவரை நினைவிருந்தது. நான் காருக்கு அடியில் இருந்தபோது என் கால் பக்கம் குந்தி உட்கார்ந்து, வெளிச்சம் போதுமா என்று மூன்று முறை கேட்டவர்.

"உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சார். 'சார் நல்லாத் தெளிவா எழுதியிருக்கார்'ன்னார். எங்கம்மா கேட்டாங்க, 'அப்ப இத்தன வருஷமும் கப்சாதானா'ன்னு. 'ஆமா போல'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். வண்டியப் பத்தி வாயே திறக்கல. நானும் கப்சான்னுதான் நம்பினேன். இல்லாட்டி கழட்டக் கட்டி இழுத்துட்டு வருவேனா?"

டாக்டரம்மா ஒப்பந்தத்தை அண்ணனிடமிருந்து வாங்கி நான்காக மடித்தார்.

"லெட்டர் போடுறதா இருந்தா," என்றார் டீச்சர், "எங்கப்பா பேருக்கே போடுங்க. போன லெட்டர் அவர் பேருக்குத்தானே வந்தது. விலாசம் மாறல. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

"சனிக்கிழமைக்குள்ள கைக்கு வந்துடும்," என்றேன்.

"வந்தா பாக்கலாம்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பை இறக்கி, நாற்பத்து மூன்று கடிதங்களையும் சரிபார்த்தேன். தலைகீழாகவும் எண்ணாகவே தெரியக்கூடியவை 0, 1, 6, 8, 9 ஆகிய ஐந்து இலக்கங்கள்தாம். மற்றவற்றைத் திருப்பிப் படித்தால் எண் என்றே யாரும் சொல்லமாட்டார்கள், நான்கூட. முப்பத்தொன்பது கடிதங்களில் அப்படித் திருப்ப முடியாத ஓர் இலக்கமாவது இருந்தது. மிச்சம் நான்கு. அவற்றில் ஒன்று 88, இன்னொன்று வேறு தொழிற்சாலைக் காரின் 101. அவை எப்படிப் படுத்துப் படித்தாலும் சரி. ஆக, தவறானவை இரண்டே. டாக்டர் சொன்னபடி நாற்பத்து மூன்றும் தவறு என்று பேசுகிறவர்களுக்குக் காட்ட இந்தக் கணக்கைத் தனித்தாளில் எழுதிவைத்தேன். அதைக் கேட்டுப் பார்க்க யாராவது வருவார்களா என்பது வேறு விஷயம். தொழிலில் இருக்கும் ஆட்கள் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர். திங்கட்கிழமை மாலைக்குள் பதினான்கு பேருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி மேசையின் மறுபக்கம் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன். என் கடிதங்களைத் தபாலில் போடுவதற்குமுன் அவள் ஒருமுறை படிப்பது வழக்கம். எழுத்துப்பிழை பார்ப்பாள்.

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: 'மேற்படி எண்ணை வாசித்த திசை குறித்து ஐயம் எழுந்துள்ளது.'

"யாருக்கு ஐயம்?" என்றாள்.

"பொதுவா."

"பொதுவா யாருக்கும் இல்லையே. உங்களுக்கும் இல்ல. நேர்ல பாத்துட்டு வந்துட்டீங்களே."

கிழித்துவிட்டு இரண்டாவது எழுதினேன்: 'முந்தைய மதிப்பீட்டில் பிழை நேர்ந்துள்ளமை அறியப்படுகிறது.'

படித்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். "நேர்ந்துச்சா, நீங்க பண்ணீங்களா?"

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். கடிதம் எழுதுவதற்கென்றே வாரத்துக்கு ஒரு பாடவேளை உண்டு. அலுவல் கடிதத்தில் 'நான்' என்ற சொல் வரலாகாது என்பது அங்கே விதி. வந்தால் அரை மதிப்பெண் போய்விடும். பார்வையிடப்பட்டது, கருதப்படுகிறது, உறுதி செய்யப்படுகிறது என்று எழுதப் பழகியவன். நாற்பத்து மூன்று கடிதங்களையும் புரட்டினால் அந்தச் சொல் ஓரிடத்திலும் இருக்காது. அவற்றைப் படிப்பவருக்கு, கார் தானாகவே புரண்டு தன் எண்ணைக் காட்டிவிட்டுப் போனதுபோல் தோன்றும்.

"லெட்டர்னா ஒரு முறை இருக்கு," என்றேன்.

"அந்த முறையில எழுதினதப் படிச்சுத்தானே டீச்சரோட அப்பா நாலு வருஷம் பேசாம இருந்தார்."

நூலைப் பல்லால் கடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது தாளை எடுத்தேன். அதில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

'ஐயா, வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் பந்தயக் காரின் அடிச்சட்ட எண் 89 என்று உங்களுக்கு எழுதினேன். நான் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். எண்ணின் அடியில் இருக்கவேண்டிய புள்ளி அங்கே இருந்தது. நான் அதைத் துரு என்று எழுதினேன். உங்கள் காரின் எண் 68. மலைப் பந்தயத்தில் மூன்று ஆண்டுகள் வென்றது இந்தக் கார்தான். நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவந்தது சரி. நான் எழுதியது தவறு. இந்தக் காரின் பாகம் எதையும் கழற்றக் கூடாது. என் பழைய கடிதம் இதன்மூலம் செல்லாது.'

டாக்டருக்கு ஒரு கடிதம் தனியாக எழுதினேன். அதிலும் 'நான்' மூன்று இடங்களில் வந்தது. அவருடைய புள்ளிப் பரிசோதனை சரியானது என்பதையும், சான்றாக அதைச் சேர்த்திருப்பதையும் குறிப்பிட்டேன். என் மனைவி இரண்டையும் படித்தாள். 'செல்லாது' என்பதில் கொம்பு சரியாக விழவில்லை என்று திருத்தச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையம் திறந்ததும் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்தான். டாக்டரின் உறையை முதலில் கொடுத்தேன். எடை போட்டு, பதிவு எண் ஒட்டி, ரசீது தந்தார் எழுத்தர். அடுத்த உறையை ஒட்டியிருக்கவில்லை. கடிதத்தை வெளியே எடுத்து நின்றபடியே ஒருமுறை படித்தேன். திரும்ப மடித்து உள்ளே வைத்து, கண்ணாடிக்கு வெளியே இருந்த பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு ஒட்டினேன்.

எழுத்தர் விலாசத்தைப் பார்த்தார். "பெறுநர் வீட்ல இருப்பாருங்களா? இருந்தாத்தான் குடுப்பாங்க."

"அவர் தவறிட்டார். மக கையெழுத்துப் போட்டு வாங்கிப்பாங்க."

"அப்ப மக பேரையே எழுதிடலாமே. எங்களுக்கும் சுலபம்."

"மககிட்ட நான் தப்பா ஒண்ணும் சொல்லல," என்றேன்.

எழுத்தர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பெறுநர் பெயருக்குக் கீழே 'மகள் பெறலாம்' என்று சிவப்பு மையில் எழுதி, என்னிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலைல போயிடும்," என்றார். முத்திரையை இரண்டு முறை குத்திவிட்டு, உறையைப் பின்பக்கமிருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.